லண்டன் பக்கமே போகாத பயணம்

கனடாவில், அஜக்ஸ் நகர வீட்டுக்குள் பெட்டிகளை இறக்கினதும் இறக்காததுமாக வின்சன்ற் பயணப் படங்களை டீவியில் போட்டார்.

"ஒரு கிழமை இங்கிலாந்தில நிண்டும் லண்டன் அண்ணையின்ர கண்ணில படேல்லை!" என்று துள்ளினார்.

மனைவி றோஸ்மேரிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. போனமுறை லண்டனில் வின்சன்ற்றின் அண்ணன் கிளிபோட் வீட்டில்தான் இறங்கினார்கள். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் கோவம். பத்து நாளில் பதினாறு சொந்தக்காரர் வீட்டில் புட்டும் இடியப்பமும் சாப்பிட்டதுதான் அவர்கள் கண்ட இங்கிலாந்து.

இந்தமுறை அண்ணைக்கு மூச்சும் விடாமல் நேரே ஹெரிபோட்ஷியர் நாட்டுப்புறம். அப்பிள் தோட்டங்கள், எண்ணூறு வருசப் பழைய தேவாலயம், கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகள். ஒரு இடியப்பம்கூட இல்லை!

அப்பிள் மரத்தின் கீழ் இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கும் படம் வந்தது. மகள் ஷரோன் அதைப் பெருப்பித்தாள்.

"அப்பா, பொறுங்கோ. பின்னால ஆர் உது?"

அப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் கிளிபோட் அண்ணை குந்தியிருந்தார். எழும்பப் பார்த்த அண்ணியின் தலையை ஒரு கையால் அமத்திப் பிடித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. லண்டன்.

"என்னடா தம்பி, இந்த வருசம் எங்களை வந்து பாக்காமல் விட்டிட்டீங்கள்?" அண்ணையின் குரல் தழுதழுத்தது.

வின்சன்ற் டீவியை இன்னொருமுறை பார்த்தார்.

"அடுத்த வருசம் கட்டாயம் வாறம் அண்ணை. அண்ணிக்குக் கழுத்து நோ இப்ப எப்பிடி?"