துணைக்கு வந்தவள்

"முடியாதுன்னா முடியாதுதான். ரத்தம் குடுக்க மாட்டேன்."

நட்டுபாய் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஹேதலுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அகமதாபாத்தில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில், மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களுக்குப் புது மாத்திரை ஒன்றைக் கொடுத்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலை மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும்.

"போன மாசம் வரைக்கும் ஒழுங்காத்தானே குடுத்தீங்க பாய்? இன்னைக்கு என்ன வந்தது?"

"என் தங்கச்சிக்கு முதல்ல எடுங்க. அப்புறம் எனக்கு."

சுவரோரம் நின்ற ஹன்சா, சேலைத் தலைப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். "சும்மா இருண்ணா. மானத்தை வாங்காதே."

"அவங்க ஆராய்ச்சியில இல்லையே. வெளியில லேப்ல பாத்துக்கங்க."

"கூப்பிட்டா வர்றாளா? 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்'கிறா. கால் வீங்கிக் கிடக்கு. எனக்குத் துணை வேணும்னு பொய் சொல்லி இழுத்துட்டு வந்திருக்கேன்."

வரிசையில் ஒருவர் சிரித்தார். "ஓசின்னா குடும்பத்தையே கூட்டிட்டு வந்துடுவாங்க. அடுத்த மாசம் மாமியார் வருவாங்க, பாருங்க!"

"இப்படி அடம் பிடிச்சா ஆராய்ச்சியிலேருந்து உங்க பேரை எடுத்துடுவாங்க பாய். அப்புறம் மாத்திரையைக் கடையிலதான் வாங்கணும்" என்றாள் ஹேதல்.

"எடுக்கட்டும்."

"ஐயோ, நேரமாகுதே! ரத்தத்தைக் குடுத்துட்டு மாத்திரையைப் போடேண்ணா!" ஹன்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹேதல் பொறுமை இழந்தாள். "மாத்திரை தள்ளிப்போனா உங்க கிட்னிக்குத்தான் ஆபத்து. அதுவாவது புரியுதா, இல்லையா?"

"என் கிட்னியா?"

நட்டுபாயின் குரல் இறங்கியது.

"இவளோடது, ஹேதல்பென். இருந்த ரெண்டுல ஒண்ணை எனக்குக் குடுத்தா. எங்கிட்ட இருக்கறதை மாசாமாசம் பாக்கறீங்க. அவகிட்ட மிச்சமிருக்கற ஒண்ணை, இத்தனை வருஷத்துல யாராவது ஒரு தடவை பாத்தீங்களா?"

ஹேதல் ஹன்சாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னாள்.