ஆடி கழியும் வரை

"ஆடி மாசம் முழுக்கத் தாள்லயே கெடக்கணும். வேணும்னு இழுத்தா ஒரே இழுப்புல வந்துரணும். அப்படி ஸ்டிக்கர் உம்மகிட்ட இருக்கா வே?"

பாபநாசம் பிள்ளை நின்றுகொண்டேதான் கேட்டார். ஒரு காலத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் முப்பது கோட்டை விதைப்பாடு நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் கைமாறிப் போனாலும், யார் கடையிலும் சட்டென்று உட்கார்ந்துவிட மாட்டார்.

இஸ்ரவேல் நாற்காலியை நகர்த்திப் போட்டார். போன வாரம்தான் அவருடைய அச்சகத்தில் அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எண்ணூறு அச்சாகிப் போயிருந்தது. மூத்த மகள் சித்ரலேகாவுக்கு ஆவணிக் கடைசியில் முகூர்த்தம். ஆடியில் பத்திரிகை வைக்க மாட்டார்கள். ஆவணி பிறந்த பிறகுதான் வீடு வீடாகக் கிளம்புவார்கள்.

சித்ரலேகாவும் கூட வந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுடைய அண்ணன் சுந்தர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"கல்யாணப் பொண்ண ஏன் அண்ணாச்சி வெயில்ல அலைய விடுதிய?"

"வீட்டுல இருந்தா அழுதுகிட்டே கெடக்கா."

இஸ்ரவேலுக்கு விஷயம் பிடிபட்டது. பிள்ளையின் தகப்பனார் ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. பத்திரிகையில் அழைப்பவர் வரிசையில் முதல் பெயரே அவருடையதுதான். ஆடிக்குள் அவர் கண்ணை மூடிவிட்டால், பதினாறாம் நாள் கழித்துக் குறித்த தேதியில் கல்யாணத்தை நடத்திவிடலாம். ஆனால் செத்தவர் பெயரைப் போட்டு ஊரை அழைக்க முடியுமா?

"பெரியவருக்கு இப்பம் எப்படி இருக்கு?"

"குளுக்கோஸ் ஏறுது."

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி."

"எது ஆனாலும் முகூர்த்தம் நிக்கக் கூடாது வே. என் தங்கச்சி கல்யாணம் மணமேடையில நின்னுபோயி முப்பது வருசம் ஆச்சு. இன்னிக்கும் நான் ஒரு விசேசத்துக்குப் போனா முதுகுக்குப் பின்னால அதைத்தான் பேசுதானுவ. இன்னொரு தடவை எங்க வீட்டுப் பந்தலைப் பாதியில பிரிக்க விட மாட்டேன்."

இஸ்ரவேல் மூன்று மாதிரித் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். மூன்றும் சித்திரையிலேயே வெட்டி வைத்தவை. தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குத் தனி உற்சாகம்.

"ஸ்டிக்கர்ல சூட்சுமமே அடித்தாள்தான் அண்ணாச்சி. இதுல சிலிகான் பூசியிருக்கு. சேம்பிலையில தண்ணி ஒட்டாம உருளுதுல்லா, அந்த மாதிரி இதுல பசை பிடிக்காது. ஆனா இந்தா, இது மலிவுத் தாளு. பூச்சு திட்டுத் திட்டா இருக்கும். நாள்பட்டா பூச்சு விட்ட எடத்துல பசை கவ்விக்கிடும்."

"அந்த வெள்ளை?"

"வழுக்கிக்கிட்டு வரும். ஆனா பூச்சை அரைகுறையா காய வச்சிருக்கான். அது பசையில ஏறிப் பசையக் கெடுத்துரும். இன்னிக்கு ஒட்டினா நாளைக்கு உதிரும். இந்த மஞ்சத் தாளு கனம். சாரல் ஈரத்துக்குச் சுருளாது. அடித்தாள் முதுகுல ஒரு கீறல் போட்டிருக்கேன். மடக்கினா ஓரம் தானா எந்திரிக்கும், நகத்தால நோண்ட வேண்டாம்."

"ஏளா, உரிச்சுப் பாரு" என்றார் பிள்ளை.

சித்ரலேகா மேசையருகே வந்தாள். முதல் ஸ்டிக்கர் பாதியில் கிழிந்தது. இரண்டாவது உரிந்து வந்தது, ஆனால் ஒட்டிய இடத்தில் நிற்காமல் தரையில் விழுந்தது. மூன்றாவதை மடக்கி இழுத்தாள். முனை மடங்காமல் முழுசாக வந்தது.

"இதுதாம்ப்பா. லேசா வருது." வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "தாத்தா பேருக்காப்பா?"

பிள்ளை வாசலைக் காட்டினார். "நீ போயி கார்ல இரு. நான் பேசிட்டு வாரேன்."

சுந்தர் தங்கையின் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளை பேசினார். "ஒட்டினா, அடியில வேற ஒரு பேரு இருந்த தடமே தெரியக் கூடாது."

"மேல்தாளைக் கனமாப் போடுதேன். லைட்டுல பிடிச்சுப் பாத்தாலும் தெரியாது. எண்ணூறையும் யாரு ஒட்டப் போறா? நம்ம ஆளு ரெண்டு பேரை அனுப்பட்டுமா?"

"வெளியாளு வேண்டாம். சின்னவ மதுமதி ஒட்டுவா. அவளைக் காலேஜுல இருந்து நிப்பாட்டியாச்சு."

"அடடா, ஏன் அண்ணாச்சி? நல்லாப் படிக்கிற பிள்ளையாச்சே."

"படிச்சது போதும். இந்தாரும், வாசகம்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரை முதலில் போட்டு எழுதியிருப்பார் என்று நினைத்தபடி இஸ்ரவேல் அதைப் பிரித்தார். உள்ளே ஒரே வரி.

'திருநிறைச்செல்வி மதுமதி'.

இஸ்ரவேல் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். "அண்ணாச்சி, இது... கல்யாணப் பொண்ணு பேரு வருத எடமால்லா இருக்கு?"

"குறிச்ச முகூர்த்தத்துல மணமேடையில எம் மக ஒருத்தி உக்காந்திருப்பா வே" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை படியிறங்கினார். "அது யாருங்கிறதை ஆடி கழிஞ்சு சொல்லுதேன்."