கதிரடியை நிறுத்தியவர்

"நிறுத்துங்க!" என்றார் முருகையன்.

களத்தில் ஆட்கள் ஓங்கிய கதிர்க்கட்டுகள் தலைக்கு மேல் அப்படியே நின்றன. கிழக்கே, வேளாங்கண்ணிப் பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பேராவூரணியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த கோவிந்தராசுவுக்கு எரிச்சல். "ஏங்க, கட்டு சரியா விழலையா?"

"விழுது."

"நெல்லு சிதறுதா?"

"இல்ல."

"பின்ன?"

முருகையன் சத்தம் அடங்கிய களத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "அடிங்க" என்றார்.

சற்று நேரம்தான். மறுபடி, "நிறுத்துங்க!"

மறுபடி, "அடிங்க."

"சங்கத்துல கொடி பிடிச்ச ஆளு," என்று முணுமுணுத்தார் கோவிந்தராசு. "பட்டாவோட ஒரு ஏக்கர் கைக்கு வந்ததும் மிராசுதார் புத்தியும் வந்துடுச்சு பாரு."

"நில உச்சவரம்புச் சட்டத்துல அதையும் சேத்தே குடுத்திருப்பாங்கண்ணே," என்றான் ஒருவன். ஆட்கள் சிரித்தார்கள்.

சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அமலில் உண்டு.

சிதறிய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த மலர்கொடியிடம் போனார் கோவிந்தராசு.

"ஏம்மா, ஒன் வீட்டுக்காரருக்கு என்ன வந்துச்சு? மழையில நனைஞ்சு நெல்லு முளைச்சா எங்க பேருல்ல கெடும்?"

"போன வருசம் முளைச்சுதாங்க போச்சு. கதிரடி ஆரம்பிச்சதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே விழுந்துட்டாரு. அதுக்கு முந்துன வருசமும் அப்படித்தான். இந்தத் தடவையும் போச்சுன்னா, கடனுக்கு நிலத்தைத்தான் குடுக்கணும்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"தஞ்சாவூர்ல பாத்தாச்சு. இருதயம் கல்லு மாதிரி இருக்குங்கறாங்க. மனசுக்குப் பாக்கற ஹமீதா பானு டாக்டரம்மாகிட்ட அனுப்புனாங்க. வாராவாரம் போய்ப் பேசிட்டு வர்றாரு."

"நெஞ்சுவலிக்குப் பேச்சா மருந்து?"

"தூங்கறாருங்க இப்பல்லாம். கதிரடியை இப்படி நிறுத்திப் பாக்கறதும் அவங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுதான்."

"அந்த மழையையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன் அந்த அம்மாவை!"

"நிறுத்துங்க!"

இந்த முறை முருகையனின் சட்டை முழுக்க வேர்வை. ஒரு கை நெஞ்சில். மலர்கொடி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இரண்டடி ஓடினாள்.

அவர் அவளை வரவேண்டாம் என்று கையசைத்தார். கால் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார். மெல்ல, மிக மெல்ல, மூச்சை விட்டார்.

விழவில்லை.

"அடிங்க," என்றார். சொன்னதோடு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தானும் ஒரு கட்டைத் தூக்கினார். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை.

நெற்குவியலைத் தார்ப்பாயால் மூடிய கையோடு மழை இறங்கியது. எல்லோரும் மோட்டார் கொட்டகைக்குள் ஓடினார்கள். மலர்கொடி டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"நெல்லுதான் தப்பிச்சுடுச்சே மிராசு," என்றார் கோவிந்தராசு. "இப்பவாச்சும் சொல்லுங்க. எதுக்கு அந்த நிறுத்தம்?"

முருகையன் மழையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. கூலியைக் கூட்டிக் கேட்டாருன்னு எங்கப்பாவைப் பண்ணைக் களத்து மரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. அவரு அலறுறது ரோட்டுக்குக் கேக்கக் கூடாதாம். அதனால யாரும் கதிரடியை நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்க. நானும் அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

கோவிந்தராசு டீயை வாய்வரை கொண்டுபோய் அப்படியே பிடித்திருந்தார்.

"அந்தச் சத்தம், இன்னிக்காவது நான் சொன்னா நிக்குமான்னு பாத்தேண்ணே. நின்னுச்சு."