முழங்கை மடங்கக் கூடாது

"முழங்கை மடங்குது. மறுபடியும் முதல்லேர்ந்து."

ஹால் நடுவே, சோபாவிலிருந்து இறக்கிப் போட்ட குஷன் முன்னால் மண்டியிட்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். எதிரே தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு, ரிட்டயரான பிறகும் ஹெட்மிஸ்ட்ரஸ் வேலையை விடாத நாத்தனார்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லிக் கணவரோடும் பெட்டியோடும் நாத்தனார் வந்து இறங்கிய மறுநாளே இந்தப் பள்ளிக்கூடம் ஆரம்பமாகிவிட்டது. யாராவது மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை நெஞ்சை அமுக்கி உயிரைப் பிடித்து வைப்பது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டுமாம். பாடம் முழுக்க வீடியோவில்தான். நடுநடுவே பற்பசை விளம்பரம் வேறு. ஸ்கிப் பட்டன் வரும்வரை விழுந்தவர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

அதுகூடப் போகட்டும். எல்லோருக்கும் பாடம் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?

முதல் நாள் அவள் கணவர்தான் ஆரம்பித்து வைத்தார். எந்த வீடியோவையும் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். நேரம் மிச்சமாம். மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன சாதித்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது. இதையும் அப்படியே பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்குகிற வேகத்தில் குஷனைக் குத்தினார். நாத்தனார், "போதும்டா தம்பி, நல்லாவே பண்றே" என்று அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

அடுத்து, காலேஜில் படிக்கும் மகள். நெயில் பாலிஷ் காயவில்லையாம். விரல் நுனியால் குஷனைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். சமர்த்து என்று அவளுக்கும் பட்டம் கிடைத்தது.

நாத்தனாரின் கணவர் குஷனைப் பார்த்தார். குஷன் அவரைப் பார்த்தது. நீங்கள் போய்ப் பேப்பர் படியுங்கள் என்று அவருக்கும் விடுதலை.

இவள் ஒருத்திக்குத்தான் மறுபடியும், மறுபடியும். கையை மடக்காதே. இன்னும் ஆழமாக அமுக்கு. அமுக்கினால் மட்டும் போதுமா, நெஞ்சு மேலே எழும்ப விட வேண்டாமா? மாவா பிசைகிறாய்? அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, குக்கர் கத்தினாலும் சரி, காலையில் ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. முட்டி இரண்டும் தேய்ந்துபோயின.

கல்யாணமான புதிதில் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்றதில் தொடங்கி, போன தடவை திரைச்சீலையின் நிறம் வரை, அவளிடம் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் நாத்தனார் திரும்பிப் போனதே கிடையாது. இப்போது அதற்கு ஒரு வீடியோ துணை, அவ்வளவுதான்.

நேற்று எதிர்வீட்டுக்காரி வந்து உட்கார்ந்திருந்தபோது அவளை வைத்துக்கொண்டே, இவளுக்கு எதையும் ஒரு தடவையில் சொன்னால் ஏறாது என்று வேறு நாத்தனார் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாய் எவ்வளவு நேரம் பொத்தியிருக்கும் என்று இந்தக் கட்டடத்துக்கே தெரியும்.

அப்போதே சமையலறையில் கணவரிடம் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "என் வீட்டுலயே எனக்கு மானம் இல்லையா? இன்னொரு தடவை மறுபடியும்னு சொல்லட்டும், நேருக்கு நேரா கேட்டுடுவேன். அப்புறம் இந்த வீட்டுல ஒண்ணு அவங்க இருப்பாங்க, இல்ல நான் இருப்பேன்." அக்கா நல்லதுக்குத்தான் சொல்வாள் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதோ, இப்போது நாத்தனார் அந்த 'மறுபடியும்'ஐச் சொல்லியாயிற்று.

அவள் எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டாள். நல்லவேளை, வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஒண்ணு கேட்கணும்க்கா. எல்லாரையும் விட்டுட்டு என்னை மட்டும் எதுக்கு இப்படி வறுத்தெடுக்குறீங்க? உங்க தம்பி கீழ விழுந்தா நான் வேடிக்கை பார்த்துட்டு நிப்பேன்னு நினைச்சீங்களா?"

நாத்தனார் வீடியோவை நிறுத்தினார்.

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். விழுந்தா நான்தான் விழுவேன்."

பெயிண்ட் என்று சொன்னதெல்லாம் சும்மாவாம். இதயம் திடீர் திடீரென்று தாளம் தப்புகிறது, நெஞ்சில் ஒரு கருவி வைக்க வேண்டும், அடுத்த வாரம் ஆபரேஷன், அதுவரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே ஒப்பாரி வைத்துவிடுவான்.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? எல்லாருமா சேர்ந்து ஒழுங்கா கத்துக்கிட்டிருப்போமே."

"எல்லாரையும்தான் முதல் நாளே பார்த்துட்டேனே. உன் புருஷன் அக்கா, அக்கான்னு அழுதுகிட்டு நிப்பான். உன் பொண்ணு அத்தைக்கு வலிக்குமேன்னு தடவிக் குடுப்பா. எங்க வீட்டுக்காரர், இப்ப என்ன பண்ணணும்னு என்னையே எழுப்பிக் கேட்பார்."

நாத்தனார் குரலைத் தாழ்த்தினார்.

"விலா எலும்பு முறிஞ்சாலும் நிறுத்தாம அமுக்கணுங்கறாங்க. அதுக்கு என் மேல பாசம் மட்டும் இருந்தா பத்தாதும்மா, இருபது வருஷத்து ஆத்திரம் வேணும். அது உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதை நம்பித்தான் வந்திருக்கேன்."