இங்கே மஃரிப், அங்கே வெயில்

கல்முனையில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலிக்கிறது. ஹஜ் பெருநாளுக்கு முந்திய நாளின் அறபா நோன்பு திறக்கத் தண்ணீர்க் கிளாஸோடு ஸம்றா வீடியோ அழைப்பில் கைப்பேசித் திரையைப் பார்த்திருக்கிறாள். வளைகுடா விமான நிலையமொன்றில் பெட்டி ஏற்றும் அவள் கணவன் றினாஸுக்கு இன்னும் பின்னேரம் நாலு மணிதான். நாற்பத்தெட்டு பாகை வெயிலில் தார்த்தரை நெளிகிறது. விமானத்தின் நிழலில் குந்தியிருக்கிறான். நேற்று அவனோடு வேலை செய்தவன் சுருண்டு விழுந்தது அந்த இடத்தில்தான். “நோன்ப முறிச்சிட்டீங்கதானே?” என்கிறாள் ஸம்றா. “ஓம் புள்ள, பகல் லுஹர் பாங்குக்கே முறிச்சிட்டன். தண்ணி குடிச்சிட்டுத்தான் இரிக்கன். நீ நோன்பத் திற.” வெடித்த உதட்டை அவன் நாக்கு தடவுகிறது, நாக்கிலும் ஈரமில்லை. முழங்காலருகே தண்ணீர்ப் போத்தல், மூடி இன்னும் திருகப்படாமல். ஸம்றாவின் கண் திரையில் அந்த மூடியில் நிற்கிறது. கிளாஸை உதட்டில் வைத்து, குடிப்பதுபோல் அவனுக்குக் காட்டுகிறாள்.