முப்பத்தேழாவது படம்

சின்னாளபட்டியில் ஸ்டுடியோ நடத்தும் ஜோதிமணி, டிஜிட்டலுக்கு மாறியும் ஃபிலிம் பழக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு முப்பத்தாறு படத்தோடு நிறுத்திவிடுவாள். ஃபிலிம் காலத்தில், ரோலில் முப்பத்தாறுக்கு மேல் மிஞ்சும் ஒரு படத்தில் அவளைத்தான் எடுப்பார் கணவர் குருசாமி. அவளை வேறு யாரும் எடுத்ததில்லை. அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

புதுக் கேமராவில் முதல் காதுகுத்தை எடுத்துவந்து கம்ப்யூட்டரில் பார்த்தாள். முப்பத்தேழு படங்கள் இருந்தன. கடைசிப் படத்தில் அவள் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேமரா அப்போது பைக்குள் இருந்தது. அடுத்த விசேஷங்களிலும் அப்படியே.

இன்று அய்யலூரில் முப்பத்தாறாவதை எடுத்ததும், கேமராவைத் தன் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்து, அதைப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னும் மறக்காம எடுக்கிறீகளே, அதுவே போதும். செத்த நேரம் பொறுங்க, பூவைச் சரியா வச்சுக்கிறேன்.”

வைத்துக்கொண்டு நிமிர்ந்து சிரித்தாள். அதன் பிறகுதான் கேமரா ‘க்ளிக்’ என்றது.