பேசும் கத்தரிச்செடி

அங்கன்வாடித் தோட்டத்துச் செடிகளுக்குப் போன மாதம்தான் குரல் பொருத்தினார்கள். செடியோடு பேசிப் பழகினால் பிள்ளைகள் காய்கறியை ஆசையாகச் சாப்பிடுவார்கள் என்பது திட்டம்.

நன்றாகவே பழகிவிட்டார்கள். இன்றுதான் முதல் அறுவடை. பன்னிரண்டு தட்டுகளிலும் கத்தரிக்காய்ச் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி பட்டியலும் பேனாவுமாக நின்றார். யாருமே சாப்பிடவில்லை என்று எழுதினால் மையத்தை மூடிவிடுவார்கள்.

"செல்சியா, ஒரே ஒரு வாய்ம்மா," என்று கெஞ்சினாள் பாக்கியம் டீச்சர்.

நான்கு வயது செல்சியா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாப்பிடு செல்சியா, நான் ரொம்ப ருசியா இருப்பேன்!" என்றது சன்னலோரத் தொட்டியில் இருந்த கத்தரிச்செடி.

குழந்தை வீறிட்டாள்.

"முதல்ல அதை நிறுத்துங்க," என்றார் அதிகாரி.

பாக்கியம் ஓடிப்போய்த் தொட்டியின் வயரைப் பிடுங்கினாள். செல்சியா எழுந்துபோய், இலையைத் தொட்டு இரண்டு தரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. டீச்சரின் கையில் தொங்கிய வயரையே பார்த்தாள். பிறகு தன் தட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டுடுறேன் டீச்சர். என் வயரைப் புடுங்காதீங்க."

அதிகாரி அவள் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.